ரியா, ருவா? சமஸ்கிருத உயிரொலிகளும் ஒரு வகுப்பறைச் சிரிப்பும்

சமஸ்கிருதம் என்னும் மொழிப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம். இந்தி பேசுபவர் ‘சன்ஸ்க்ரித்’ என்பார்; மராத்தியர் ‘சன்ஸ்க்ருத்’ என்பார்; ஒடியர் ‘சொன்ஸ்க்ருதொ’ என்பார்; வங்காளியர் ‘ஷொங்ஸ்க்ரிதோ’ என்பார்; தமிழர் ‘சமஸ்கிருதம்’ என்பார். ஒரே சொல் இரண்டு இடங்களில் பிரிகிறது. நடுவில் ரியா ருவா என்பது ஒன்று. இறுதியில் உள்ள அகரம் நிற்கிறதா, விழுகிறதா, ஒகரச் சாயல் பெறுகிறதா என்பது மற்றொன்று. தன் பெயரையே ஐந்து விதமாகச் சொல்லவைக்கும் மொழியின் உயிரொலிகளில் எது சரி என்று கேட்பது இயல்பே. ஆனால் அக்கேள்வி பெரும்பாலும் கேள்வியாகக் கேட்கப்படுவதில்லை, தீர்ப்பாகவே சொல்லப்படுகிறது.

பல மாநில மாணவர்கள் ஒன்றுகூடும் துறைகளில் இதைக் காணலாம். ஒடிசாவிலிருந்து வந்த மாணவி ‘க்ருஷ்ண’ என்று வாசித்தால் வட இந்திய வகுப்பறையில் மெல்லிய சிரிப்பு எழுகிறது. உத்தரப் பிரதேசத்து மாணவர் இறுதி அகரத்தை விழுங்கி ‘ராம்’ என்றால் தென்னிந்திய அரங்கில் புருவங்கள் உயர்கின்றன. வங்காள மாணவர் வாய் திறந்தாலே இரு தரப்பும் சிரிக்கின்றன. சிரிப்பைக் கேட்ட மாணவர் அடுத்த வாரம் உரக்க வாசிக்க முன்வருவதில்லை. சில மாதங்களில் அவர் பின்வரிசைக்குப் போய்விடுகிறார். இலக்கணத்திலும் பொருள்கோளிலும் அவர் எவ்வளவு தேர்ந்தவர் என்பது பிறகு யாருக்கும் தெரியாமலே போகலாம். உயிரொலி குறித்த விவாதம் முதலில் இந்த இழப்பைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவ்விவாதத்தின் அடிப்படைப் பிழை ஒன்று உண்டு. ஓர் ஒலியின் சாயல் மாறுவதும், இரண்டு ஒலிகளுக்கு இடையிலான வேறுபாடே அழிவதும் ஒன்றல்ல. முதலாவதால் பொருள் கெடுவதில்லை, யாப்பும் கெடுவதில்லை. பேசுபவரின் ஊர் மட்டும் தெரிகிறது. இரண்டாவதால் சொல் வேறு சொல்லாகிறது, அல்லது செய்யுளின் அளவு குலைகிறது. திருத்த வேண்டியது இரண்டாவதை. வகுப்பறைகளில் சிரிப்புக்கு உள்ளாவதோ பெரும்பாலும் முதலாவது.

ரி, ரு பூசலிலிருந்தே தொடங்கலாம். இந்த உயிரெழுத்துக்குப் பெயர் சூட்டுவதே சிக்கல். ரிகாரம் என்றால் ஒரு தரப்பு, ருகாரம் என்றால் மறுதரப்பு. எனவே இங்கு ‘ரகர உயிர்’ என்றே குறிப்போம். இது ரகர மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த கூட்டு அன்று. நாவின் ரகர அசைவே அசையின் உச்சியாக நிற்கும் ஒலி. இன்றும் இத்தகைய ஒலி வாழும் மொழிகள் உள்ளன. செக் மொழியில் கழுத்தைக் குறிக்கும் சொல் ‘க்ர்க்’; விரலைக் குறிக்கும் சொல் ‘ப்ர்ஸ்த்’. இரண்டிலும் வேறு உயிரே கிடையாது. ரகரமே உயிரின் பணியைச் செய்கிறது.

இந்திய ஒலிநூல்கள் இவ்வொலியை விரிவாக ஆராய்ந்துள்ளன. ஆனால் அவை தமக்குள் உடன்படவில்லை. பாணினியின் வழிவந்த சிட்சை மரபு இதன் பிறப்பிடம் அண்ணத்தின் உச்சி என்கிறது. ரிக்வேதப் பிராதிசாக்கியம் அடிநா என்கிறது. அக்காலத்திலேயே ஒவ்வொரு மரபும் தன் செவிக்குக் கேட்டதைப் பதிந்து வைத்திருக்கிறது. இரண்டில் எதுவும் ‘ரி’ என்றோ ‘ரு’ என்றோ சொல்லவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

இன்றைய பிரிவும் நேற்றுத் தோன்றியதன்று. பொது ஆண்டுக்கு முந்தைய 3ஆம் நூற்றாண்டில் அசோகர் தம் முதல் பெரும்பாறைக் கட்டளையில், அரண்மனைச் சமையலுக்காகக் கொல்லப்படும் விலங்குகளை இரண்டு மயில், ஒரு மான் என்ற அளவுக்குக் குறைத்துவிட்டதாக அறிவித்தார். மானைக் குறிக்கும் வடசொல்லில் ரகர உயிர் உண்டு. அக்கட்டளையின் படிகளில் அச்சொல் குஜராத்தின் கிர்நாரில் ‘மகோ’, இமயமலை அடிவாரத்துக் கால்சியில் ‘மிகே’, வடமேற்கே ஷாபாஸ்கடியில் ‘ம்ருகோ’, மான்செராவில் ‘ம்ரிகே’ எனப் பொறிக்கப்பட்டுள்ளது. ஒரே அரசர், ஒரே ஆணை, ஒரே சொல். அ, இ, ரு, ரி என நான்கு உருவங்கள். பாலி மொழியிலும் இதே நிலை: ரகர உயிரை முதலில் கொண்ட வடசொற்களுள் முனிவரைக் குறிப்பது ‘இசி’ ஆகவும், பருவத்தைக் குறிப்பது ‘உது’ ஆகவும் மாறின, ‘செய்யப்பட்டது’ என்னும் பொருள்படும் சொல் ‘கத’ ஆனது. பேச்சு வழக்கில் ரகர உயிர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கரைந்துவிட்டது. அதன் பின் வந்தவை அனைத்தும் மீட்டெடுப்பு முயற்சிகள். வடக்கும் வங்காளமும் ரி என மீட்டன. மராட்டியம், குஜராத், ஒடிசா, தென்னகத்தின் பெரும்பகுதி ஆகியவை ரு என மீட்டன.

தமிழுக்குள் வந்த வடசொற்களே இந்தத் தயக்கத்திற்குச் சாட்சி. ரிஷி என்கிறோம், ஆனால் ருது என்கிறோம். விருட்சம், கிருபை, மிருகம் என்பவற்றில் ரு. அமிர்தத்தில் இகரம் முன்னே வந்து ரகரம் பின்னே ஒதுங்குகிறது. ஒரே மூல உயிர் ஒரே மொழிக்குள் மூன்று உருவம் எடுத்திருக்கிறது. இவ்வளவையும் பார்த்த பிறகு ‘ரி மட்டுமே சாத்திரம்’ என்றோ ‘ரு மட்டுமே வேதம்’ என்றோ சொல்வதற்கு வரலாற்றில் இடமில்லை.

அப்படியானால் ரகர உயிரில் பிழை என்று எதுவுமே இல்லையா? உண்டு. அது ரி, ரு சாயலில் இல்லை. உயிர் என்ற தகுதியில் உள்ளது. ‘அம்ருத’ என்னும் சொல்லைப் பார்க்கலாம். மகரத்தை அடுத்து வருவது உயிர். ஆகவே அங்கு மெய்ம்மயக்கம் இல்லை. முதல் அகரம் இலகுவாகவே நிற்கும். மூன்று அசைகளும் இலகு. ‘அம்’ என நிறுத்தி ‘ரித’ என்றோ ‘ருத’ என்றோ தொடர்ந்தால், ரகரம் மெய்யாகி, முதல் அசை குருவாகிவிடும். செய்யுளின் கணக்கு அங்கே உடைகிறது. ‘மஹா’வுடன் ‘ரிஷி’ சேரும்போது ‘மஹர்ஷி’ ஆவதும் இது உயிர் என்பதாலேதான். ஆகாரமும் ரகர உயிரும் புணர்ந்து ‘அர்’ ஆகின்றன. அசையைக் கெடுக்காமல் ரி என்பவரும் ரு என்பவரும் சரியாகவே சொல்கிறார்கள். அசையைக் கெடுத்தால் இருவர் சொல்வதும் பிழை. ஆசிரியர் செவிமடுக்க வேண்டிய இடம் இதுவே.

அடுத்தது அளவு. இங்கே விட்டுக்கொடுக்க இடமில்லை. ‘தின’ என்றால் நாள், ‘தீன’ என்றால் வறியவன். ‘குல’ என்றால் குடி, ‘கூல’ என்றால் ஆற்றங்கரை. ‘சுத’ மகன், ‘சுதா’ மகள். ‘க்ருஷ்ண’ கண்ணன், இறுதி நீண்டு ‘க்ருஷ்ணா’ ஆனால் அது திரௌபதியின் பெயர். ‘சிவ’ என்பது இறைவன், ‘சிவா’ என்பது உமை. ‘ராம:’ ஒருமை, ‘ராமா:’ பன்மை. சொல், பால், எண் அனைத்தும் ஒரு மாத்திரையில் தொங்குகின்றன. பாணினி குறில், நெடில், புலுதம் என்னும் மூன்று அளவுகளையும் உகரத்தைக் கொண்டே வரையறுத்தார். சேவலின் கூவலில் இம்மூன்றும் அடுத்தடுத்துக் கேட்பதால் அவர் அவ்வெழுத்தைத் தேர்ந்தார் என மரபில் விளக்குவர். தொல்காப்பியமும் கண்ணிமைக்கும் நேரத்தையும் கைநொடிப் பொழுதையும் கொண்டு மாத்திரையை அளந்தது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு எனக் கணக்கிட்டது. மூன்று மாத்திரை கொண்ட தனியெழுத்து இல்லை என்றது. இரு மரபுகளும் காலத்தைக் காதால் அளந்தவை. குறில் நெடில் வேறுபாடு பேச்சிலும் உயிருடன் உள்ள திராவிட மொழியினருக்கு இது எளிதில் கைவருகிறது. இகர ஈகார வேறுபாட்டையும் உகர ஊகார வேறுபாட்டையும் பேச்சில் இழந்துவிட்ட வங்காளியருக்கும் ஒடியருக்கும் இது தனிப் பயிற்சி வேண்டும் இடம். பயிற்சி வேண்டும் என்பதன் பொருள், கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதே.

இறுதி அகரத்தின் கதை இதனோடு ஒட்டியது. இந்தியும் மராத்தியும் தம் பேச்சுவழக்கின்படி ஈற்று அகரத்தை விடுகின்றன: ‘ராம்’, ‘யோக்’, ‘அசோக்’. இந்தியில் இடையில் உள்ள அகரமும் விழுந்து ‘விமலா’ ‘விம்லா’ ஆகிறது. இந்திச் சொல்லாக இது பிழையன்று. சமஸ்கிருதச் சுலோகத்திற்குள் வரும்போது ஓர் அசையே காணாமல் போகிறது. மறுபுறம், ஆங்கில எழுத்துக்கூட்டலின் வழியே வந்த ‘யோகா’, ‘கர்மா’, ‘ஆயுர்வேதா’ என்பன ஈற்று அகரத்தை நெடிலாக்குகின்றன. யோகம், கருமம், ஆயுர்வேதம் எனத் தமிழ் தன் மரபில் நெடுங்காலம் வழங்கிய சொற்களைத் தமிழரே இன்று இவ்வாறு நீட்டுகிறார்கள். ஒடியர் மட்டும் தம் அன்றாடப் பேச்சிலேயே ஈற்றுயிரை விடாமல் காக்கிறார்கள். அதன் சாயல் ஒகரம் போல இருக்கலாம். அசை அசையாகவே நிற்கிறது. வகுப்பறையில் சிரிப்புக்கு ஆளான அந்த மாணவியின் நாக்கு, சிரித்தவர்களின் நாக்கு தொலைத்துவிட்ட ஒன்றைக் காத்து நிற்கிறது.

அகரத்தின் தன்மை குறித்துப் பாணினியின் நூல் ஒரு விந்தையான முடிவைக் கொண்டுள்ளது. ஏறத்தாழ 4000 சூத்திரங்களைக் கொண்ட அஷ்டாத்தியாயியின் கடைசிச் சூத்திரத்தில் இருப்பவை இரண்டே அகரங்கள். இலக்கண விதிகள் ஒழுங்காக இயங்க, நூல் முழுவதும் அகரமும் ஆகாரமும் வாய் திறப்பில் ஒன்றே எனப் பாணினி கொண்டார். அப்போதுதான் குறிலும் நெடிலும் ஓரினமாகும். நூலை முடிக்கையில், உண்மையான பேச்சில் குற்றகரம் மூடிய ஒலியே என்று அதை மீட்டுத் தந்தார். அதாவது விதிக்காகச் செய்த ஏற்பாட்டையும் வாயிலிருந்து வரும் ஒலியையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை. இந்த அளவுகோலால் பார்த்தால் இந்தியின் ஒடுங்கிய அகரம் அவர் சொன்னதற்கு நெருங்கி நிற்கிறது. அகரத்தை ஆகாரத்தின் பாதியாக ஒலிக்கும் தென்னக வழக்கம் சற்றே விலகுகிறது. வங்காள, ஒடிய அகரம் வேறு திசையில் விலகுகிறது. எனினும் இம்மூன்றிலும் அகரம் ஆகாரத்தோடு மயங்குவதில்லை. ஆகவே இது சாயல் மட்டுமே.

ஏ, ஓ, ஐ, ஔ ஆகியவற்றுக்கும் இதே அளவுகோலைப் பொருத்தலாம். சமஸ்கிருத இலக்கணம் இவற்றைச் சந்தி எழுத்துகள் என்கிறது. காரணம் சொற்புணர்ச்சியில் தெரிகிறது. ‘நே’ என்பதோடு ‘அன’ சேர்ந்தால் ‘நயன’. ‘போ’ என்பதோடு ‘அன’ சேர்ந்தால் ‘பவன’. ஏகாரத்திற்குள் ஒரு யகரமும் ஓகாரத்திற்குள் ஒரு வகரமும் ஒளிந்திருந்தன. அவை ஒரு காலத்தில் ஈருயிர்க் கூட்டொலிகள். இம்மொழியில் ஏ, ஓ எப்போதும் நெடில் என்பதற்கும் அதுவே காரணம். இந்தி பேசுவோர் ஐகாரத்தைத் திறந்த ஏகாரமாகவும் ஔகாரத்தைத் திறந்த ஓகாரமாகவும் ஒலிப்பதைத் தென்னகத்தார் குறையாகச் சொல்வதுண்டு. ஆனால் அவர்கள் பேச்சில் ஐயும் ஏயும் மயங்குவதில்லை. ஔவும் ஓவும் மயங்குவதில்லை. வேறுபாடு நிற்கும் வரை அது சாயலே. எகர ஒகரக் குறில்கள் கூடச் சமஸ்கிருத மரபுக்கு முற்றிலும் அந்நியமல்ல. சாமவேதிகளில் சாத்தியமுக்கிரி, ராணாயனீயப் பிரிவினர் அரை ஏகாரமும் அரை ஓகாரமும் ஓதுவர் எனப் பதஞ்சலி மகாபாஷியத்தில் குறிப்பிடுகிறார். அவ்வழக்கு உலகவழக்கிலோ மற்ற வேதங்களிலோ இல்லை என்கிறார். அது அந்த ஓதுமரபுக்கு உரியது என்று இடம் குறித்து வைத்தார்.

தமிழ் வாசகர் இங்கே தம் நாவையும் சோதித்துப் பார்ப்பது நேர்மை. ‘ஏக’ என்பதைத் தமிழர் பலர் ‘யேக’ என்றே தொடங்குவர். இது சாயல், கேடில்லை. ஆனால் ‘சாது’, ‘தாது’, ‘வஸ்து’ போன்ற சொற்களின் இறுதி உகரத்தைத் தமிழ் நாக்கு தானாகவே குற்றியலுகரமாக்கி, இதழ் குவியாமல் அரை மாத்திரையாகச் சுருக்குகிறது. ‘குரு’, ‘மது’ என்பவற்றில் உகரம் முழுமையாகவே ஒலிக்கிறது. ஏனெனில் தமிழின் விதி அங்கே வேறு. ஒரு மாத்திரை வேண்டிய இடத்தில் அரை மாத்திரை தருவது அளவுப் பிழை. சொல்லின் இடையிலும் இறுதியிலும் ஐகாரத்தைக் குறுக்கும் பழக்கமும் அப்படியே. தமிழில் இவை குறைகள் அல்ல, இலக்கணம் ஏற்ற ஒழுங்குகள். வேறொரு மொழியை வாசிக்கும்போது மட்டும் அவற்றைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது. ஒடிய மாணவிக்கு ஈகாரம், இந்தி மாணவருக்கு ஈற்று அகரம், தமிழ் மாணவருக்கு ஈற்று உகரம்: பாடம் வேறு, பயிற்சி ஒன்றே.

இதற்கு வரும் வலுவான மறுப்பு வேத ஓதலைச் சுட்டும். ஒலி பிசகினால் மந்திரமே திரும்பித் தாக்கும் என்னும் கதையைப் பதஞ்சலியே நினைவூட்டுகிறார். இந்திரனைக் கொல்லும் மகனைப் பெற விரும்பிய துவஷ்டா ‘இந்திரசத்ரு’ என்னும் தொகையைச் சொன்னார். உதாத்தம் இறுதியில் நின்றிருந்தால் இந்திரனைக் கொல்பவன் என்று பொருள். அவர் சொன்னபோது அது முதலில் விழுந்தது; இந்திரனால் கொல்லப்படுபவன் என்றாயிற்று. விருத்திரன் மாண்டான். கூர்ந்து பார்த்தால் இக்கதை மேற்சொன்ன அளவுகோலையே உறுதி செய்கிறது. துவஷ்டாவின் குற்றம் அவருடைய ஊர்ச்சாயல் அன்று. இரு பொருளைப் பிரிக்கும் வேறுபாட்டை அவர் மாற்றிவிட்டார். வேத பாடசாலைகள் தத்தம் சாகையின் ஓதுமுறையை அணுவும் பிசகாமல் காப்பது அவற்றின் கடமை. ஆனால் ஒரு சாகையின் விதியைக் கொண்டு, உரைநடை வாசிக்கும் முதுகலை மாணவரை மதிப்பிட முடியாது.

அதே மகாபாஷியத்தில் இன்னொரு கதையும் உண்டு. அதை யாரும் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. ‘யர்வாணர், தர்வாணர்’ எனப் பெயர் பெற்ற முனிவர்கள் இருந்தார்கள். ‘யத் வா ந:’, ‘தத் வா ந:’ என்று சொல்ல வேண்டியதை அவர்கள் அன்றாடப் பேச்சில் அப்படிச் சிதைத்துச் சொன்னதால் வந்த பெயர் அது. ஆயினும் அவர்கள் மெய்ப்பொருள் உணர்ந்தவர்கள் என்று பதஞ்சலி போற்றுகிறார். வேள்வியில் அவர்கள் பிழைபடப் பேசியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். இலக்கணத்தின் மாபெரும் உரையாசிரியருக்கு, நாக்கின் பழக்கம் அறிவின் அளவாகத் தெரியவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமஸ்கிருதத்தைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் 24,821 பேர். இன்று அம்மொழியை வாசிக்கும் ஏறக்குறைய எல்லோரும் வேறொரு தாய்மொழியின் வழியாகவே அதற்குள் நுழைகிறார்கள். தீர்ப்புக்கு நாம் போய் நிற்கக்கூடிய ஓர் ஊர் இல்லை. இந்நிலையில் எந்தச் சாயல் இயல்பானதாகவும் எது வேடிக்கையாகவும் தோன்றுகிறது என்பதைத் தீர்மானிப்பது ஒலிநூல் அன்று. அந்த அறையில் யார் பெரும்பான்மை, தேர்வுக்குழுவில் அமர்ந்திருப்பவர் எந்த ஊரார் என்பதே. இதை ஒலியியல் என்று அழைப்பது ஒலியியலுக்கு இழுக்கு.

செய்யக்கூடியவை எளியவை. சமஸ்கிருதப் பாடத்தின் முதல் வாரத்திலேயே ரகர உயிரின் வரலாற்றைச் சொல்லிவிடலாம். ரி, ரு இரண்டும் வழக்கில் உள்ளவை என அறிவித்துவிட்டு, அசை கெடாமல் ஒலிக்கப் பயிற்சி தரலாம். மாத்திரையைக் கைத்தாளத்தோடு கற்பிக்கலாம். ஒவ்வொரு மாணவரின் தாய்மொழியும் எந்த வேறுபாட்டைக் காக்கிறது, எதை இழந்திருக்கிறது என்று அவரவரையே கண்டறியச் சொல்லலாம். அதுவே நல்ல ஒலியியல் பாடமுமாகும். வாசிப்புப் போட்டிகளிலும் வாய்மொழித் தேர்வுகளிலும் அளவு, அசை, புணர்ச்சி ஆகியவற்றுக்கு மதிப்பெண் வைக்கலாம். சாயலுக்கு வைக்க வேண்டியதில்லை.

அந்த ஒடிய மாணவி அடுத்த வாரம் மீண்டும் உரக்க வாசிக்கட்டும். ‘தீன’ என்பதை அவர் குறுக்கினால் ஆசிரியர் நிறுத்தித் திருத்தட்டும். ‘க்ருஷ்ண’ என்றால் அடுத்த சொல்லுக்குப் போகட்டும்.